காச்சில் சாக்கில் பைப்புகள்

எலியா வாத்தியார் தம் வாழ்நாளில் ஒரு பீடி கூடப் பற்ற வைத்ததில்லை. ஆனால் அவர் வீட்டில் புகை பிடிக்கிற பைப்புகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. தனுவச்சபுரத்தில் மரவேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், திருவனந்தபுரத்தில் ஒரு பழைய சாமான் கடையில் முதல் பைப்பைக் கையில் எடுத்தார். பிரையர் என்கிற வேர்க்கட்டையில் குடைந்தது. அதன் ரேகை கிண்ணத்தைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடிய அழகில் மனிதர் சொக்கிப்போனார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். தோட்டத்துத் துரைமார் விட்டுப்போனது, வெள்ளி வளையம் போட்டது, எவனோ கடித்துக் கடித்துப் பல் தடம் பதிந்தது என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சாயங்காலம் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாடு கூட வேண்டாம் அவருக்கு.

வினை என்னவென்றால், வருஷா வருஷம் போதை எதிர்ப்பு ஞாயிறன்று சபையார் முன்னால் நின்று, புகையிலையைத் தொடமாட்டோம் என்ற உறுதிமொழியை வாசிப்பவரும் இதே எலியாதான். சபைக் கமிட்டிக்காரர் வீட்டில் பைப்பா? வீட்டு ஜெபக்கூட்டம் தம் வீட்டுக்கு முறை வரும்போதெல்லாம் பெட்டி இடம் மாறும். கட்டிலுக்கடியில், ரப்பர் ஷீட்டுக்குப் பின்னால், ஒருமுறை கோழிக்கூட்டிலேயே. தூக்கி வைக்க மனைவி ராஜபாய் ஒரு பக்கம் பிடிப்பாள். வயசு ஏற ஏற அந்தப் பெட்டியும் கனத்துக்கொண்டே வந்தது.

இந்தமுறை எலியாவுக்குக் குனியக்கூட முடியவில்லை. ராஜபாயும் முழங்கால் வலியோடு படுத்திருந்தாள். அவளை எழுப்ப மனமில்லாமல், பைப்புகளைப் பழைய வேட்டியில் சுற்றி ஒரு சாக்கில் போட்டு, மேலே காச்சில் கிழங்கை நிரப்பிக் கட்டி, வீட்டையொட்டிய சாய்ப்பின் மூலையில் சாத்தினார். ஜெபக்கூட்டம் நல்லபடியாக முடிந்தது. தம் புத்தியைத் தாமே மெச்சிக்கொண்டு, மறுநாள் பாறசாலைக்கு மாத்திரை வாங்கப் போனார்.

அது அறுப்பின் பண்டிகை வாரம். வீட்டு விளைச்சலில் ஏதாவது ஒன்றைச் சபைக் கோயிலுக்குக் கொடுப்பதும், அதை முற்றத்தில் ஏலம் விடுவதும் வழக்கம். வாலிபர் சங்கத்தார் ஆட்டோ கொண்டு வந்தார்கள். ராஜபாய் மூலையிலிருந்த காச்சில் சாக்கைக் காட்டிவிட்டாள்.

திரும்பி வந்து வெறும் மூலையைப் பார்த்த எலியா அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டார்.

"அதுக்குள்ளயா வச்சிருந்திய? எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லப்பிடாதா?" என்றாள் ராஜபாய். "இப்பமே போய்க் கேளுங்க. எடுத்துத் தருவாவ."

"என்னண்ணு சொல்லிக் கேக்க?"

எலியா ஒரு கணக்குப் போட்டார். சாக்கை அவிழ்க்காமல் ஏலம் போட்டால் தாமே எடுத்துவிடலாம். கிழங்கு எடுக்கிறவனை யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

ஞாயிறு ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. சபைச் செயலாளர் ராஜப்பன்தான் கூவுகிறவன். சேவல் போனது, வருக்கைச் சக்கைப்பழம் போனது, செவ்வாழைக் குலை போனது. சாக்கு வந்ததும் எலியா தொண்டையைச் செருமிக்கொண்டார். ராஜப்பனோ நியாயஸ்தன். சரக்கைக் காட்டாமல் ஏலம் போடமாட்டான். சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தான். கிழங்குகள் விழுந்தன. பின்னாலேயே வேட்டி அவிழ்ந்து பைப்புகள் உருண்டு சிதறின.

"இது எந்து சாதனம்!" என்று யாரோ சிரித்தார்கள். வெள்ளி வளையம் போட்டது போதகரின் கால் பக்கம் போய் நின்றது.

ராஜப்பன் அவற்றைப் பொறுக்கித் தனியாகக் குவித்தான். "இதையும் போட்டிரலாம். ஆரு கேக்கிய?" என்றான். பாலராமபுரத்திலிருந்து செவ்வாழை வாங்க வந்த ஒருவர், தம் கடையில் அலங்காரமாக வைக்கலாம் என்று ஒரு விலை சொன்னார். "ஒரு தரம்" என்றான் ராஜப்பன். "ரெண்டு தரம்." நின்றான். தண்ணீர் குடித்தான். "ரெண்டு தரம்" என்றான் மறுபடியும். எலியா தம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தரமும் சொல்லியாகிவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது ராஜபாய் மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு தரத்துலயே அவன் எத்தற நேரம் நின்னான். ஒங்களத்தான் பாத்துட்டு நின்னானாக்கும்."

எலியா திடுக்கிட்டார். "அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதவிய ஆரு உண்டு? சன்னலத் தொறந்து போட்டுட்டுத்தானே தொடச்சிட்டு இருப்பிய."

"பின்னே நீ எதுக்கு ஒளிக்கச் சொன்ன?"

"நான் எப்பம் சொன்னேன்?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க ஒளிச்சிய. நான் ஒரு பக்கம் பிடிச்சேன். அம்புட்டுதான்."

இத்தனை வருஷம் சுமந்ததெல்லாம் வீண். எலியாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

அப்போது ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. அதே பாலராமபுரத்துக்காரர். துணி மூட்டையை சன்னல் வழியாக நீட்டினார். "சாரே, இது சாரின்றே ஆணெந்நு செக்ரட்டரி பறஞ்ஞு. எடுத்தோளூ. எனிக்கு வேண்டா" என்றார். இது வாத்தியாருடையது என்று ராஜப்பன் சொல்லியிருக்கிறான்; தமக்கு வேண்டாம் என்கிறார்.

மூட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பல் தடம் பதிந்த பைப்பின் நுனி வெளியே தெரிந்தது. பின்னால் கோயில் விட்டு வரும் பெண்களின் பேச்சுச் சத்தம் நெருங்கியது. என்னுடையதுதான் என்று சொல்லத்தான் எலியா வாயைத் திறந்தார். ஆனால் மறைத்து மறைத்தே பழகிப்போன நாக்கு அது.

"என்றேதல்ல" என்றார். தம்முடையது இல்லையாம்.

காரிலிருந்தவர் நம்பாமல் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மூட்டையைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு காரை எடுத்தார்.

எலியா ராஜபாய் பக்கம் திரும்பினார். அவள் அவருக்காக நிற்காமல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.