பத்தில் ஒன்றுக்கு ஒரு டீ

எங்கள் ஊர் மூக்கு ஆஸ்பத்திரியில், மூக்கினுள் கட்டி வளர்ந்தவர்கள் பத்துப் பேர் சேர்ந்த பிறகுதான் டாக்டர் முடிவு சொல்வார். அந்த வகைக் கட்டி பெரும்பாலும் சாதுவானது. பத்தில் ஒன்று மட்டும் புற்றாக மாறும். ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு பத்தில் ஒன்றைப் பிரிக்க முடியாது என்பதால், பெஞ்சு நிறையும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் காத்திருப்பது போலத்தான்.

சிரமம் என்னவென்றால், அது அபூர்வமான கட்டி. வருடத்துக்கு லட்சம் பேரில் ஒருவருக்கு வந்தால் அதிகம். நான் போனபோது ஒன்பது பேர் வெகுகாலமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மாரிக்கண்ணு என்பவர் பெஞ்சில் இருந்தபடியே வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பல்கீஸ் அக்கா தையல் மிஷினைப் பக்கத்தில் போட்டு நர்சுகளுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி, உன்னைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கோம். எந்தப் பக்கம்?" என்றார் அக்கா.

"இடது மூக்குங்கக்கா."

"நல்லது. உட்காரு. ஏங்க, ஆள் வந்தாச்சு!"

எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை நான் முதல் வேலையில் சேர வேண்டும். சேரப்போகிறேனா, அல்லது என் மூக்கு என்னை வேறெங்காவது கூட்டிப்போகப் போகிறதா என்பது இந்தப் பெஞ்சிலேயே தெரிந்துவிடும்.

கூட வந்திருந்த அம்மா, நான் புள்ளியியல் படித்தவன் என்றும் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றும் கேட்காமலே சொல்லிவிட்டார்.

"அப்ப நீயே சொல்லு. பத்துப் பேர்ல யாரு?" என்றார் மாரிக்கண்ணு.

எனக்குப் பொய் சொல்ல வராது. "கட்டாயம் ஒருத்தருக்குன்னு இல்லீங்க. யாருக்குமே மாறாமலும் இருக்கலாம். ரெண்டு பேருக்கும் மாறலாம்."

மாரிக்கண்ணு பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டார்.

"ரெண்டா? இத்தனை வருஷமா ஒண்ணுன்னுதானே பேச்சு? இவன் வந்து உட்கார்ந்ததும் ரெண்டுங்கறான்!"

"படிக்க வைக்கிறதே தப்பு," என்றார் பல்கீஸ் அக்கா. அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கட்டியை எடுத்துச் சோதித்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, "பத்தும் சாதுதான். ஆனா திரும்ப வளரக்கூடிய ரகம். அப்பப்ப வந்து காட்டணும்," என்றார்.

"அப்ப அந்த ஒண்ணு?" என்றார் மாரிக்கண்ணு.

"வந்திருக்கு. உங்க யாருக்கும் ஒதுக்கல. வாசல்ல இருக்கு."

வாசலில் பத்தில் ஒன்று பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரியிருந்தது.

நாங்கள் எல்லோரும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். "இன்னும் ஒரு ஆள்," என்று சொல்லி டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. பத்தில் ஒன்று எழுந்து வந்தது.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க தம்பி."

தள்ளி உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் திரும்பி வர வேண்டியிருக்கும். அதனால் அவரவர் இடம் வந்ததும் வாயைத் திறக்காமல் இறங்கினார்கள். பல்கீஸ் அக்கா தையல் மிஷினைக்கூடச் சத்தமில்லாமல் இறக்கினார். எங்கள் தெருமுனை வந்தது. சிறு வயதிலிருந்து அம்மா அடித்து வளர்த்த பழக்கத்தில், இறங்கும்போது என்னை அறியாமல், "போயிட்டு வர்றேனுங்க," என்றேன்.

ஆட்டோ கிளம்பியது.

"யாருகிட்டடா சொன்ன?"

"பக்கத்துல இருந்தவர்கிட்டம்மா."

"ஓடு! வரலன்னு சொல்லு!"

ஆட்டோவின் பின்னால் ஓடினேன். "நான் வரலீங்க! வரவே மாட்டேனுங்க!"

பத்தில் ஒன்று வெளியே தலையை நீட்டியது. "பரவாயில்ல தம்பி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நானே வர்றேன்."

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். மாலையில் திரும்பியபோது அது எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. டார்ச் அடித்து என் இடது மூக்கைப் பார்த்தது. "இன்னிக்கு ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தது. மரியாதை தெரிந்தது என்பதால், 'போயிட்டு வாங்க' என்று யாராவது சொல்லட்டும் என நிலைப்படி அருகே நின்றது. அம்மா சொல்லவில்லை. நானும் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சற்று நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்தது.

இப்போது தினமும் காலையில் என் மூக்கைப் பார்க்கிறது. ஒண்ணுமில்ல என்று அது சொன்ன பிறகுதான் நான் வேலைக்குக் கிளம்புகிறேன். அம்மா அதற்கும் சேர்த்து டீ போடுகிறார். சர்க்கரை குறைவாக வேண்டுமாம்.

நேற்று பல்கீஸ் அக்கா வந்து, அதற்கு இரண்டு சட்டைக்கு அளவெடுத்தார். போகும்போது ஒன்றும் சொல்லாமல் போனார்.