வேப்பனேந்தல் அடிபம்பு

பட்டணம் பார்க்கப் போனவனைச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பினால் எரிச்சல் வருமா, வராதா? வெங்கடரமணனுக்கு வந்தது. மதுரையில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த அவனுக்கு, 1974 கோடை விடுமுறையில் சென்னையில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் இரண்டு மாதப் பயிற்சி கிடைத்திருந்தது. ஒழுங்காக முடித்துச் சான்றிதழ் வாங்கினால் டில்லியில் மேல்படிப்புக்கு வழி பிறக்கும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அவன் அம்மா சௌடம்மாள் அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, மகன் வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து உலகத்து வறுமையையெல்லாம் ஒழிக்கப் போகிறான் என்று வீட்டுமொழியான கன்னடத்தில் பீற்றிக்கொண்டாள்.

அவன் ஒழித்தது பென்சிலைத்தான். முதல் மூன்று வாரமும் நுங்கம்பாக்கம் ஆபீஸில் உட்கார்ந்து பென்சில் சீவினான். தேசப்படத்தில் வறண்ட ஜில்லாக்களுக்கு மஞ்சள் வண்ணம் தீட்டினான். வெள்ளைக்காரத் துரையை மாடிப்படியில் இரண்டு தடவை பார்த்தான்; இரண்டு தடவையும் துரை அவனைப் பார்க்கவில்லை. நாலாவது வாரம் திட்ட அதிகாரி இன்பராஜ் கூப்பிட்டார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நிறுவனம் கிராமங்களில் போட்டுக்கொடுத்த அடிபம்புகளில் எத்தனை ஓடுகின்றன என்று கணக்கெடுக்க வேண்டுமாம்.

"உங்களுக்கு எந்த ஊர்?"

"அருப்புக்கோட்டை சார்."

"நல்லதாப் போச்சு. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் நீங்களே போயிட்டு வந்துடுங்க."

நல்லதாப் போச்சாம். கடற்கரையைக்கூட இன்னும் முழுசாகப் பார்க்காதவனை, பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்த கருவேலங்காட்டுக்கு ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள்.

பதினோரு நாளில் அறுபத்து மூன்று ஊர். ஊருக்கு ஒரு படிவம், எண் அச்சடித்தது, கார்பன் வைத்து மூன்று பிரதி. அடித்தல் திருத்தல் கூடாது. அதில் இரண்டே கட்டம்: 'இயங்குகிறது', 'இயங்கவில்லை'. கைப்பிடி இல்லாத பம்பை இயங்காததாகக் கொள்ளவேண்டும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. எழுதியவர் பம்பில் தண்ணீர் அடித்துக் குடித்திருக்க மாட்டார் என்பது வெங்கடரமணனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நரிக்குடிக்குத் தெற்கே வேப்பனேந்தலுக்கு அவர்கள் போனது உச்சிவெயிலில். ஊரே கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடக் காட்டுக்குப் போயிருந்தது. பம்பு கைப்பிடி இல்லாமல் நின்றது. ஜீப் டிரைவர் காளிராஜ் பசியில் ஹாரனை அழுத்த, வெங்கடரமணன் 'இயங்கவில்லை'யில் டிக் அடித்துவிட்டான்.

மையில் அடித்த பிறகு பஞ்சம்மாள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கைப்பிடியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, மடியிலிருந்து போல்ட்டை எடுத்து மாட்டி, ஆறு அடி அடித்தாள். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது.

"குடிங்க தம்பி. எந்த ஊர்ல இருந்து வாரீக?"

"இது ஏங்க்கா கழட்டி வச்சிருக்கீங்க?"

"காலையில ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம் மாட்டுவேன். எல்லாரும் பிடிச்சதும் கழட்டி வீட்டுக்குள்ள வச்சிருவேன். மாட்டியே கெடந்தா ஆடு வந்து உரசும், சின்னப் பயலுக தொங்குவானுக, கரி ஏத்த வார லாரிக்காரன் வண்டியவே கழுவிட்டுப் போவான். சுத்துப்பட்டுல எல்லாப் பம்பும் செத்துக் கெடக்கு. இது அஞ்சு வருசத்துல ஒரு நாளு மக்கர் பண்ணல."

மூன்று வாரம் பென்சில் சீவியதற்கு இப்போதுதான் பலன் கிடைத்தது என்று அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படிவத்தின் ஓரத்தில், தலைகீழாகத் திருப்பிக்கூட, இடமிருந்த மட்டும் விவரமாக எழுதினான். ஆபீஸில் நேரிலும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

சொன்னான். யார் கேட்டது? டைப்பிஸ்ட் டிக்குகளை மட்டும் எண்ணி அறிக்கை அடித்துக்கொடுத்தார். பன்னிரண்டு ஊரில் கைப்பிடி இல்லை. ஆகவே ஜனங்கள் கைப்பிடியைத் திருடுகிறார்கள். ஆகவே அந்த ஊர்களுக்குக் கழற்ற முடியாதபடி கைப்பிடியை வெல்டிங் வைத்த புதுப் பம்பு போடவேண்டும். பட்டியலில் முதல் ஊர் வேப்பனேந்தல்.

வெங்கடரமணன் இன்பராஜின் மேஜைக்கு ஓடினான்.

"சார், அந்தப் பம்பு நல்லா ஓடுது. ஓரத்துல எழுதியிருக்கேன்."

"ஓரத்துக்கு அறிக்கையில கட்டம் இல்லையே. ஓடுதுன்னா ஏன் 'இயங்கவில்லை'ன்னு டிக் அடிச்சீங்க?"

"அப்ப கைப்பிடி இல்ல சார்."

"அதைத்தானே நானும் சொல்றேன்? இலவசமாப் புதுசு குடுத்தா யாராவது வேண்டாம்பாங்களா?"

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு தடவை எழுதிக்கொடுத்தான். இரண்டும் கோப்பில் சேர்ந்தன. துரையைப் பார்க்க அனுமதி கேட்டான். துரை தம் நாட்டுக்குப் போயிருந்தார். கடைசி வாரம், வேப்பனேந்தலில் புதுப் பம்பு போடுவதைக் கூட இருந்து முடித்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரும் பொறுப்பை அவன் தலையிலேயே கட்டினார்கள். படிவம் வந்தால்தான் சான்றிதழ் என்றும் இன்பராஜ் சிரித்துக்கொண்டே சொன்னார்.

லாரி வேப்பனேந்தலுக்கு வந்ததும் ஊர் கூடிவிட்டது. மெக்கானிக் சங்கரலிங்கம் பழைய பம்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

"தம்பி, நீங்க சொன்னா கேப்பாகல்ல? சொல்லுங்க தம்பி" என்றாள் பஞ்சம்மாள்.

அவன் சொன்னான். சங்கரலிங்கம் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "எனக்கு வந்த சிலிப்புல வேப்பனேந்தல்னு போட்டிருக்கு. செய்யாமப் போனா என்னையத்தான் கேப்பாக. ஒங்களுக்கென்ன, நாளைக்குக் காலேசுக்குப் போயிருவீக."

சாயங்காலத்துக்குள் நீலப் பெயிண்ட் அடித்த புதுப் பம்பு நின்றது. தண்ணீரும் வந்தது. பஞ்சம்மாள் வெல்டிங் வைத்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத எப்படிக் கழட்டுறது?" என்று கேட்டாள். முடியாது என்றான்.

'பம்பு நல்ல முறையில் இயங்குகிறது' என்ற வரிக்குக் கீழே அவன் கையெழுத்துப் போட்டான். அந்த நேரத்துக்கு அது பொய்யில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். டில்லிக்காகத்தான் போட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும். லாரியில் திரும்பும்போது இன்பராஜ் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் வந்த ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது.

ஜூலையில் சான்றிதழ் வந்தது. அதே வாரம் வேப்பனேந்தலிலிருந்து, பஞ்சம்மாள் யாரையோ பிடித்து எழுதவைத்த ஒரு தபால்கார்டும் வந்தது. பத்தொன்பதாவது நாள் பம்புக்குள் கம்பி முறிந்துவிட்டதாம். கரி லாரிக்காரர்கள் ராத்திரி பகல் பாராமல் அடித்தார்களாம். அவன் சென்னைக்கு மூன்று கடிதம் எழுதினான். மூன்றுக்கும் சேர்த்து ஆகஸ்டில் ஒரே பதில் வந்தது.

அதைத் தபாலில் திருப்பி எழுத அவனுக்கு மனசு வரவில்லை. மதுரையில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் இறங்கியும் வீட்டுக்குப் போகாமல் நரிக்குடி பஸ்ஸைப் பிடித்து, மிச்ச தூரம் நடந்து போனான். பஞ்சம்மாள் ஆற்று மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து, இரண்டு மைல் தூரம், தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் குடங்களை இறக்கிவைத்தாள்.

"வாங்க தம்பி. பட்டணத்துல இருந்து தாக்கல், கடுதாசி ஏதும் வந்துச்சா? எப்ப வாராகளாம்?"

"வரமாட்டாங்களாம்க்கா. இந்தப் பம்பு நல்லா ஓடுதுன்னு ஆபீஸ்ல பதிஞ்சிருக்காம். அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் எதுவும் செய்ய வழியில்லையாம்."

"அடுத்தது எப்ப?"

"அஞ்சு வருசம் கழிச்சு."

பஞ்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஓடுதுன்னு எந்தக் கூறுகெட்டவன் எழுதிக் குடுத்தான்?"

கடிதத்தோடு அந்தப் படிவத்தின் கார்பன் பிரதியையும் வைத்து அனுப்பியிருந்தார்கள். அவன் அதை விரித்து அவளிடம் நீட்டினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"நாந்தான்க்கா" என்றான்.