கல்லுக்குள் இருந்த வெள்ளை

காலா நெக்ரா ஊருக்குத் தெற்கே கடலடி எரிமலை விழித்து, கடல் பச்சையாகக் கலங்கிய ஐந்தாம் நாள், புகைந்துகொண்டு கற்கள் மிதந்து வந்தன. யுரேனா தன் அப்பா எவேலியோவின் படகிலிருந்தே ஒன்றை வலையால் அள்ளினாள்.

"கல்லும் மிதக்குது, செத்த மீனும் மிதக்குது. முங்கினது என் பொழப்பு மட்டுந்தான்" என்றார் அவர்.

அந்த மீனவத் தீவில் பிறந்து நிலவியல் படித்தவள் அவள் ஒருத்தி. கல்லை உடைத்தாள். வெளியே கரி, உள்ளே நுரைத்த வெள்ளை. சோதித்தால் வெள்ளையில் சிலிக்கா அதிகம். அப்படிப்பட்ட எரிமலைக் குழம்பு கெட்டியானது, வாயுவை அடக்கி வைத்து வெடிக்கும். மீனவர் சங்கத்தில் எழுந்து நின்று, ஒலிபெருக்கியில் ஊரைக் காலி செய்யச் சொன்னாள்.

"நம்ம பொண்ணு சொல்லுது, கெளம்புங்கப்பா" என்று எவேலியோதான் முதலில் எழுந்தார்.

தீவின் மேட்டுப் பகுதிப் பள்ளிக்கூடத்தில் ஊரே பதினெட்டு நாள் தங்கியது. அதற்குள் தெற்கத்திப் புயலில் கடல் பொங்கியது. படகைக் கரையேற்றக் கெஞ்சியவர்களைக் காலி செய்த ஊருக்குள் காவலர் விடவில்லை. எவேலியோவின் படகு அலைதடுப்புச் சுவரில் மோதிச் சிதறியது.

மறுவாரம் நுண்ணோக்கியில் அந்த வெள்ளைக்குள் பொடிப்பொடியான வட்ட ஓடுகளைக் கண்டாள். பழைய கடலுயிர்கள். தீவு தோன்றுமுன்பே படிந்திருந்த அடிச்சேறு அது. மேலேறிய குழம்பு அதைப் பிய்த்து, வேகவைத்து, ஊதித் தள்ளியிருக்கிறது. உண்மையான குழம்பு இளகலானது. எரிமலை வாய் இருந்த ஆழத்தில் ஊரை அழிக்கும் வெடிப்புக்கு வாய்ப்பில்லை.

"ஆய்வுக் கட்டுரை வரட்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்காதே" என்றார், பெரிய தீவில் அவள் வேலை பார்த்த ஆய்வகத்தின் இயக்குநர்.

அவள் படகேறிப் போய் அப்பாவிடம் சொன்னாள்.

"அப்போ அது வெறும் சேறா?"

"ஆமாப்பா. அவசரப்பட்டுட்டேன்."

"ஓடச் சொல்றப்போ ஒலிபெருக்கி வச்சு சொன்னே. இதை மட்டும் ஏண்டி என் காதுல வந்து சொல்றே?"

அன்று மாலையே சங்கத்தில் போய்ச் சொன்னாள். யாரும் திட்டவில்லை. ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சீட்டாட்டத்துக்குத் திரும்பினார்கள்.

குளிர்காலம் முடிவதற்குள் எரிமலை அடங்கியது. படகில்லாத எவேலியோ பெரிய தீவின் விடுதி ஒன்றில் தட்டுக் கழுவப் போனார். ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்கள் வரிசையில் அவள் பெயர் மூன்றாவதாக வந்தது. அவள் அதை அவருக்கு அனுப்பவில்லை, அவரும் கேட்கவில்லை.