இரண்டால் வகுத்த வாக்கு

மர்டீனாவைத் தோற்கடித்தது வேறு கட்சிக்காரன் இல்லை. நான்தான்.

எங்கள் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுக்கு இரண்டு வாக்குச்சீட்டு. ஒன்று தொகுதிக்கு ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க, மற்றது வட்டாரம் முழுவதற்கும் ஒரு கட்சியைத் தேர்ந்தெடுக்க. போன முறை எங்கள் கட்சி எல்லாத் தொகுதியிலும் மண்ணைக் கவ்வியது. வட்டாரப் பட்டியலில் முதல் பெயர் என்பதால் மர்டீனா மட்டும் உள்ளே போனாள். எங்கள் தீவு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடத் துடித்தவர்களை ஐந்து வருடம் ஒற்றை ஆளாக மறித்தாள். மூடத் துடித்தவர்களில் எங்கள் தொகுதி உறுப்பினரும் ஒருவர். என் மகள் மாரீட்டுக்கு ஆகஸ்டில் பிரசவம்.

இந்த முறை அதே வட்டாரத்தில், கடலுக்கு அக்கரையில், ஒரு தொகுதி கைக்கெட்டும் போலிருந்தது. வேட்பாளர் இவாண்டர், வக்கீல்.

"இங்க உட்கார்ந்து என்னடி பண்றீங்க? எல்லாரும் அக்கரைக்குப் போங்க," என்றாள் மர்டீனா, தீவுத் தொண்டர்களான எங்களிடம்.

ஆறு வாரம் மழையில் இவாண்டருக்காகக் கதவு தட்டி வாக்குக் கேட்டேன். கப்பலில் ஒருநாள் வேறு கட்சிக்கார டார்மட் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அந்த வக்கீல் ஜெயிச்சா உங்க அக்காவுக்குத்தான் ஆப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தியா, டொலீனா?"

"பயத்துல உளர்றே. சூப் ஆறுது, குடி."

பாவி மகள் நான், ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இவாண்டர் எண்பத்து நான்கு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தான். வெட்கமில்லாமல் அழுதேன். அப்புறம் பட்டியல் கணக்கு. தொகுதி எதுவும் ஜெயிக்காத கட்சியின் வட்டார வாக்கை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். ஒன்று ஜெயித்தால் இரண்டால் வகுப்பார்கள். எங்கள் முப்பத்தோராயிரம் பதினைந்தாயிரத்து ஐநூறு ஆனது. வட்டாரத்தின் கடைசி இடத்துக்கே பதினாறாயிரம் தேவைப்பட்டது. மர்டீனா வெளியே.

"உனக்கு இது தெரியுமாக்கா?"

மர்டீனா கையிலிருந்த தாளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "தெரியும்டி. அவன் தொகுதி, என் இடம், ரெண்டும் கிடைக்கும்னு பேராசைப்பட்டுட்டேன்."

சட்டையில் கட்சி ரிப்பனும் முகத்தில் சிரிப்புமாக நின்ற இவாண்டரிடம் போனேன்.

"ஜூன்ல பிரசவ வார்டை மூடுற விஷயம் நாடாளுமன்றத்துக்கு வருது. நீங்கதான் பேசணும்."

"மர்டீனா செஞ்சத மறக்கவே மாட்டேங்க. ஆனா உங்க தீவு என் தொகுதி இல்லையே. இன்னொருத்தர் தொகுதியில நான் தலையிடறது மரியாதையில்ல. உங்க உறுப்பினருக்கு ஒரு கடிதம் போடுங்க."

"கதவு தட்டுறப்ப மட்டும் நான் எந்தத் தொகுதின்னு நீங்க கேக்கலையே."

அவன் அடுத்தவர் கையைக் குலுக்கப் போய்விட்டான்.

கப்பலில் ஏறியதும் மாரீட் போன் செய்தாள்.

"அம்மா, ஜெயிச்சாச்சா?"

"ஜெயிச்சாச்சு," என்றேன். "பிரசவத்துக்கு ஜூலையிலேயே அக்கரைக்குப் போயிடணும். துணிமணிய எடுத்து வை."