பெரியப்பாவின் மைக்

வயலின்காரருக்கு அஞ்சலிக் கூட்டம். ஒலியமைப்பைக் கவனிக்க, மாலை வகுப்பில் ஒலிப்பதிவு படிக்கும் எங்களில் யாரை வேண்டுமானாலும் ஆசிரியர் அனுப்பியிருப்பார். நான்தான் வலியக் கேட்டு வாங்கினேன். பேசப்போவது அரங்கின் செயலாளர், என் பெரியப்பா.

வயலின்காரர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர். என் அப்பாவும் அப்படித்தான் போனார். அப்பா இதே அரங்கில் விளக்குகளைப் பழுதுபார்த்தவர். அன்று எங்கள் வீட்டுக்கு வந்த பெரியப்பா, "கோழைப் பய! இவனுக்காக யாரும் அழக் கூடாது" என்றார். செத்துக் கிடந்தது அவருடைய சொந்தத் தம்பி. அம்மா குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள்.

கூட்டத்துக்கு முன் மைக்கைச் சோதித்தோம்.

"என்னம்மா, கேக்குதா? என் குரலுக்கு மைக்கே வேண்டியதில்லை, ஏதோ மரியாதைக்கு வச்சிருக்கு."

"நல்லாக் கேக்குது பெரியப்பா."

பக்கத்தில் வயர் சுருட்டிக்கொண்டிருந்த வகுப்புத் தோழி சுருட்டை கிசுகிசுத்தாள்: "விட்டா மைக்கை முழுங்கிடுவாருடி."

அரங்கின் கடைசியில் இருந்த என் ஒலி மேசையிலும் ஒரு சின்ன மைக் உண்டு. ஒரு பட்டனை அழுத்தினால் மேடையில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். அடுத்ததை அழுத்தினால் அரங்கம் முழுக்கக் கேட்கும். மேசையில் இருப்பவர் குரல் அரங்கில் கேட்கவே கூடாது என்பது வகுப்பில் முதல் பாடம். மாற்றி அழுத்திவிடுவேனோ என்ற பயத்தில் மேடைப் பட்டனில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தேன். ஒட்டியது சரியான பட்டன்தானா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பெரியப்பா பேசினார். "மேதைகளோட மனவலி நமக்குப் புரியாது. அது ஒரு நோய், குத்தமில்ல. அவரைக் குறை சொல்ல நமக்கு என்ன அருகதை இருக்கு?" குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் வயலின்காரரின் மனைவி தலைகுனிந்திருந்தார்.

சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. அதுதான் என்னை எரித்தது. இந்தச் சொற்கள் அவரிடம் அன்றும் இருந்திருக்கின்றன, அம்மாவுக்குத் தரவில்லை.

டேப் ஒட்டாத பட்டனை அழுத்தினேன்.

"பெரியப்பா, இதையே எங்க அப்பாவுக்கும் சொல்லுங்க. அவரைக் கோழைன்னு சொன்னீங்களே!"

அரங்கமே திரும்பியது.

"ஏய், பட்டனை மாத்தி அழுத்திட்ட!" என்றாள் சுருட்டை.

"மாத்தலடி."

"யாரும்மா அது, மைக்கை அணை!" என்றார் பெரியப்பா, யாரென்று தெரியாததுபோல்.

"அவருக்கு வயலின் வாசிக்கத் தெரியாதே, அதனாலயா?"

வயலின்காரரின் மனைவி எழுந்தார். இத்தனை திட்டம் போட்ட நான் இவரை நினைத்தே பார்க்கவில்லை.

"உங்க அப்பா... இங்க லைட் பாத்துக்கிட்டாரே, அவரா?"

"ஆமாங்க."

அவர் மேடையைப் பார்த்தார். "சொல்லுங்க சார். அவருக்கும் சொன்னாத்தான் நீங்க என் வீட்டுக்காரருக்குச் சொன்னதை நான் நம்புவேன்."

பெரியப்பா மைக்கை அணைக்க அதன் கழுத்தைத் தடவினார். அதில் சுவிட்ச் இல்லை. என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் கையசைத்தார்.

நான் அவர் மைக்கின் ஒலியைக் கூட்டினேன். மூச்சு வாங்குவது கேட்டது. இன்னும் கூட்டினேன். எச்சில் விழுங்குவது கடைசி வரிசைவரை கேட்டது. அம்மா திறந்துவிட்ட அந்தக் குழாயைவிடச் சத்தமாகக் கேட்கும்வரை, கையை எடுக்கவில்லை.