ஹெட் கிளார்க் பக்கத்து ஜன்னல்

தணிகாசலத்துக்கு வயிற்றெரிச்சல் காலையில் ரயிலிலேயே ஆரம்பித்துவிடும். பொன்னேரியில் அவன் ஏறுகிற அதே பாசஞ்சரில்தான் மணவாளனும் ஏறுவான். பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, சீவிய தலை கலையாமல் பிளாட்பாரத்தில் நிற்பான். அவனைக் கண்டதும் தணிகாசலம் அடுத்த பெட்டிக்கு நடந்துவிடுவான். கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் மட்டும் ஓட்டமும் நடையுமாக முன்னால் போய்க் கம்பெனி கேட்டுக்குள் முதலில் நுழைவான். நுழைவதோடு சரி. அதற்குப் பிறகு சாயங்காலச் சங்கு ஊதும்வரை அவன் எதிலும் முந்தியதாகச் சரித்திரம் இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான், பம்ப் கம்பெனியில் ஜன்னல் துடைப்பது. எழுபத்தெட்டாம் வருஷம் அது. கம்பெனி கட்டி அதிக நாள் ஆகவில்லை. முதலாளிக்குக் கண்ணாடி என்றால் பைத்தியம் போலிருக்கிறது, சுவர் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் ஜன்னலை வைத்துவிட்டார். பக்கத்திலேயே கல்கத்தா போகிற பெரிய ரோடு. லாரிகள் கிளப்புகிற புழுதியும், வார்ப்படம் ஊற்றுகிற கொட்டகையின் புகையும் சேர்ந்து காலையில் துடைத்ததை மாலையில் மூடிவிடும். மாடி வைத்த ஆபீஸ் கட்டடம் தணிகாசலத்தின் பொறுப்பு. அதற்குக் கிழக்கே, எதிரெதிராக நிற்கிற மெஷின் ஷெட் மணவாளனுடையது. நடுவில் ஒரு புங்கமரம்.

இருவரும் தினக்கூலிகள். பொங்கலுக்குள் ஒருத்தனை நிரந்தரமாக்கி, இன்னொருத்தனைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடப் போகிறார்கள் என்று ஹெட் கிளார்க் ரங்கசாமி வெற்றிலையை மென்றபடியே ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றைக்கே தணிகாசலத்தின் தூக்கம் போயிற்று. கம்பெனி வேலை கிடைத்த ஜோரில், இனி சேற்றில் கால் வைக்கமாட்டேன் என்று வீராப்பாகப் பேசி, நிலத்தை முழுக்க அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவந்தவன் அவன். இப்போது வேலை போனால் அதே வயலில் அண்ணனுக்குக் கூலியாளாகத்தான் இறங்கவேண்டும். அண்ணி வரப்பில் நின்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இப்போதே அவன் காதில் கேட்டது. மனைவி சம்பூர்ணமோ தினமும் சாயங்காலம் வாசலிலேயே நின்று, "இன்னா, ஆயிடுச்சா?" என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நியாயமாகப் பார்த்தால் இவன்தான் முதலில் சேர்ந்தவன். மணவாளன் பிறகு வந்தவன், வயதிலும் சின்னவன். ஆனால் அந்தப் பயல் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஷெட்டின் அன்றைய பங்கை முடித்துவிட்டுப் புங்கமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவான். இவனுக்கோ சங்கு ஊதும்போதும் பாதி ஜன்னல் பாக்கியிருக்கும். எப்படி முடிக்கிறான் என்பதுதான் தணிகாசலத்தின் மண்டையைக் குடைந்தது. தனக்கு ஏன் முடிவதில்லை என்று அவன் ஒருபோதும் கேட்டுக்கொண்டதில்லை. அதைக் கேட்டிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவேண்டிய அவசியமே வந்திருக்காது.

அவனுடைய பொழுது எப்படிப் போகும் என்று நான் சொல்கிறேன். காலையில் வாளியோடு குழாயடிக்குப் போவான். அங்கே கூட்டுகிற எல்லம்மா முதல்நாள் இரவு தன் வீட்டில் நடந்த சண்டையைச் சொல்வாள், இவன் கடைசிவரை கேட்பான். வாளியை நிரப்பிக்கொண்டு ஏணியடிக்கு வந்தபிறகுதான் சோப்பை மறந்தது தெரியும். சோப்புக்காக ஸ்டோருக்குப் போனால் டீ வந்திருக்கும். கண்ணாடியை மெருகேற்ற ஆபீஸிலிருந்து பழைய பேப்பர் கொடுப்பார்கள். அதைக் கசக்குவதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடவேண்டும் அவனுக்கு. என்றைக்கோ நடந்த கொலை வழக்கின் தீர்ப்பை ஏணியின் நடுப்படியில் நின்று படிப்பான். மீதி வேறு பக்கத்தில் இருக்கும், அந்தப் பக்கம் ஏற்கெனவே கசங்கிப்போயிருக்கும், அதை நீவி எடுத்துப் படிப்பான். டைப் அடிக்கிற சந்திரகலா உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டி, இங்கே ஒரு புள்ளி இருக்கிறது என்று காட்டுவாள். அது உள்பக்கமா வெளிப்பக்கமா என்று இருவரும் விரலாலேயே பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும், எல்லா வேலையிலும் உள்ள சில்லறைச் சேதாரம்தான். அவன் நாளை முழுசாக விழுங்கியது மணவாளன்தான், அவனுக்கே தெரியாமல்.

மணவாளன் காலையில் ஷெட்டின் மேற்குச் சுவரைத் துடைப்பான். அப்போது அங்கே நிழல். ஆபீஸின் கிழக்குப் பக்கத்திலோ அதே நேரம் வெயில் சுள்ளென்று அடிக்கும். வெயில் படுகிற கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் வைத்தால் துணி படுவதற்குள் காய்ந்து பட்டை பட்டையாக நின்றுவிடும் என்பது இந்த வேலையில் முதல் நாளே தெரிகிற விஷயம். தணிகாசலத்துக்கும் தெரியும். ஆனால் ஆபீஸின் மேற்கு ஜன்னல்களில் நின்றால் ரோடுதான் தெரியும், மணவாளன் தெரியமாட்டானே. அதனால் தினமும் வெயிலில் கிழக்குப் பக்கமே நிற்பான், அதிலும் மாடியில் ரங்கசாமியின் நாற்காலிக்குப் பக்கத்து ஜன்னலில். ஷெட் முழுக்கத் தெரிகிற இடம் அதுதான். சோப்பு வைப்பான், பார்ப்பான், சோப்பு காய்ந்துவிடும், மறுபடி துடைப்பான், மறுபடி பார்ப்பான். அந்தக் கண்ணாடி மட்டும் நாளுக்கு எத்தனை முறை குளித்தது என்று அவனுக்கே தெரியாது.

பார்த்ததில் ஒன்றைக் கண்டுபிடித்தும்விட்டான். மணவாளன் சின்ன வாளியொன்றை இடுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டுதான் ஏணி ஏறுகிறான். கயிறும் முடிச்சும் அவனுக்குப் படகிலேயே பழகியவை. தண்ணீருக்காகக் கீழே இறங்குவதே கிடையாது. இது ஒன்றும் மந்திரமில்லை, தணிகாசலமும் மறுநாளே கட்டியிருக்கலாம். ஆனால் அவனைப் பார்த்துக் கட்டியது போலாகிவிடுமே. அவன் கட்டவில்லை, படிக்குப் படி இறங்கி ஏறிக்கொண்டே இருந்தான்.

மரத்தடியில் மணவாளன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதுதான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். நிழலுக்குக் கம்பெனியில் வேறு இடமா இல்லை? தன் கண்ணில் படவேண்டும் என்றே, தன் ஜன்னலுக்கு நேர் எதிரே வந்து உட்காருகிறான் என்று தணிகாசலம் பல்லைக் கடித்தான். ஒருமுறை அவன் தாமரை இலையில் மடவை மீன் சுற்றிக்கொண்டுவந்து, ஊட்டுக்கு எடுத்துக்கினு போங்கணா என்று பணிவாகக் கொடுத்தான். வேலையை முடித்துவிட்ட திமிரில் பிச்சை போடுகிறான் என்று இவனுக்குத் தோன்றியது. வாங்கிக்கொண்டு, திரும்பும்போது ரயிலில் யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். கையிலிருந்த வாசனையை வைத்து சம்பூர்ணம் கண்டுபிடித்து, நல்ல மீனைத் தொலைத்ததற்காக இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபமும் மணவாளன் கணக்கிலேயே ஏறியது.

மார்கழியில் ஒருநாள், நிரந்தரம் யார் என்று முடிவு செய்ய மெட்ராஸ் ஆபீஸ் மேனேஜர் மறுநாள் வருகிறார் என்று தெரிந்தது. தணிகாசலம் ரங்கசாமியின் நாற்காலிப் பக்கம் போய்க் குழைந்தான். அந்த மணவாளன் பாதி நாள் மரத்தடியில் உட்கார்ந்து கம்பெனிக் காசைத் தின்கிறான், நீங்கள் கீழே வருவதில்லை, உங்களுக்குத் தெரியவில்லை என்று ஒன்றுக்கு இரண்டாக ஏற்றிச் சொன்னான். ரங்கசாமி ரொம்ப யோசிக்கிறவர் இல்லை. நாளைக்கு மேனேஜரிடமே சொல்லு என்று சொல்லிவிட்டு, வாயில் நிறைந்ததைப் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே துப்பினார். அந்த ஜன்னலின் கதவு எப்போதும் அவருக்காகத் திறந்தே இருக்கும். வெற்றிலைச் சாறு கீழே செம்பருத்திச் செடிமேல் விழும். அது அவருடைய வழக்கம். ஆபீஸில் யாரும் அதற்கு முகம் சுளிப்பதில்லை.

மறுநாள் காலையில், மேனேஜர் வருகிறார் என்பதால், புழுதி உள்ளே வரக்கூடாதென்று தணிகாசலம் எல்லா ஜன்னல் கதவுகளையும் சாத்தினான். பிறகு வழக்கம்போல அந்த ஒரு ஜன்னலிலேயே நின்றான். எதிரே மணவாளன் ஏணியில் பறந்துகொண்டிருந்தான். இவன் கை தானாகத் தேய்த்தது. பேப்பர், துணி, மறுபடி பேப்பர். மேற்குப் பக்கத்தைத் தொடுவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

மேனேஜர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். சாப்பிட்டு முடித்து வாய் கொள்ளாமல் வெற்றிலை அடக்கியிருந்த ரங்கசாமி, அவரை வாசலில் கண்டதும் பதறி எழுந்தார். வாயைத் திறந்தால்தான் வணக்கம் சொல்லமுடியும். பழக்க தோஷத்தில் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி ஒரே வீச்சாகத் துப்பினார். அது செம்பருத்திக்குப் போகவில்லை. நடுக்காற்றில் அப்படியே நின்று, பிறகு சிவப்பாக வழிய ஆரம்பித்தது. அங்கே கண்ணாடி இருந்தது. இருப்பது தெரியாத அளவுக்குச் சுத்தமாக இருந்தது. ரங்கசாமியின் வெள்ளைச் சட்டையிலும் பாதி தெறித்திருந்தது.

டைப் அடித்துக்கொண்டிருந்த சந்திரகலா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் சிரித்தேவிட்டார். கிட்டே வந்து கண்ணாடியின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்து, இதைத் துடைத்தது யார் என்று கேட்டார். தணிகாசலத்துக்கு நெஞ்சு விம்மியது. நான்தான் சார் என்று முன்னால் வந்தான். அண்ணி, சம்பூர்ணம், பொன்னேரி ரயில் பெட்டி எல்லாரும் அந்தக் கணத்தில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவனுக்குத் தோன்றியது.

மேனேஜர் அடுத்த ஜன்னலுக்கு நடந்தார். அதில் சோப்புப் பட்டை. அதற்கடுத்ததிலும் அப்படியே. அறையைக் கடந்து மேற்குப் பக்கம் போனார். அங்கே கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தார், புழுதியில் ஒரு கோடு விழுந்தது. இதையெல்லாம் யார் துடைப்பது என்று கேட்டார். அதுவும் நான்தான் சார் என்றபோது தணிகாசலத்தின் குரல் பாதிதான் வந்தது.

அத்தோடு வாயை மூடியிருந்தால் தப்பித்திருப்பானோ என்னவோ. பொறாமைக்காரனுக்கு வாய் சும்மா இருக்காது. மேனேஜரை அந்தச் சுத்தமான ஜன்னலுக்கே அழைத்துவந்து, வழிகிற சிவப்புக்குப் பக்கத்தில் விரல் நீட்டி மரத்தடியைக் காட்டினான். அதோ உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள் என்று தொடங்கி, மணவாளன் எப்போது ஏணி வைக்கிறான், எந்தக் கண்ணாடியில் ஆரம்பிக்கிறான், இடுப்பில் எப்படி வாளி கட்டுகிறான், எப்போது பீடி பற்றவைக்கிறான், அதை எந்தக் கையில் பிடிக்கிறான் என்பதுவரை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். ஷெட்டின் கண்ணாடிகளை ஒருமுறை பார்த்தார். அவையெல்லாம் துடைத்து முடிந்து, வரிசையாகப் பளபளத்தன.

"அவன் நாள் எங்க போச்சுன்னு நல்லா சொல்லிட்டீங்க," என்றார் மேனேஜர். "உங்க நாள் எங்க போச்சு?"

அறையில் இருந்த எல்லாரும் அந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ரங்கசாமியை உள்ளறைக்கு அழைத்துக்கொண்டு போனார். வேறு சட்டை இல்லாமல் மார்பில் ஒரு துண்டைப் போர்த்தியிருந்த ரங்கசாமி வெளியே வந்து, நிரந்தரம் மணவாளனுக்கு என்றும், தணிகாசலம் பொங்கல்வரை வரலாம் என்றும், முதலில் இந்தக் கண்ணாடியைத் துடைத்துத் தொலை என்றும் ஒரே மூச்சில் சொன்னார்.

அவன் வாளியைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றான். வெற்றிலைச் சாறு சட்டத்தில் இறங்கிச் சுவரிலும் ஓடியிருந்தது. அழுகை வந்தது, அழவில்லை. துணியை நனைத்தபோது யாரோ படியேறி வருகிற சத்தம் கேட்டது. மணவாளன். செய்தி அவனுக்கும் போயிருந்தது. அவன் முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்த்துத் தணிகாசலம் திரும்பவே இல்லை. மணவாளன் இன்னொரு துணியை எடுத்துச் சுவரடியில் குந்தி, வழிந்திருந்ததைத் துடைக்க ஆரம்பித்தான். அவன் கைவேகம் பக்கத்தில் பார்க்கும்போது இன்னும் அதிகமாகத் தெரிந்தது. அப்போதும் தணிகாசலத்துக்கு எரிந்தது.

"எப்டிடா உனக்கு மட்டும் கை இப்டி ஓடுது?" என்று கேட்டேவிட்டான். இத்தனை மாதத்தில் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

மணவாளன் கையை நிறுத்தாமலே சொன்னான். "நீங்கதான் இந்த ஜன்னல்லியே நின்னுக்கினு என்னையே பாத்துக்கினு இருப்பீங்களேணா. நீங்க பெரியவரு, ஹெட் கிளார்க் பக்கத்துல நிக்கறீங்க, எதுனா கொறை பாத்தா அவராண்ட சொல்லிடுவீங்களோன்னு ஒரே பயம். அந்த பயத்துல கை நிக்காது. வேலை முடிஞ்சாலும் எங்கியும் போமாட்டேன். எங்கடா போய்ட்டான்னு நீங்க தேடக்கூடாதுன்னு, உங்க கண்ணுல படற மாரி மரத்தாண்டயே ஒக்காந்துக்கினு இருப்பேன்."

பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கு மீனு குடுத்ததுகூட அந்த பயத்துலதாணா," என்றான்.

தணிகாசலத்தின் கை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. சட்டத்தின் இடுக்கில் ஒட்டியிருந்த சிவப்பை மணவாளன் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு, மேற்குப் பக்கத்து ஜன்னல்களை நான் பார்க்கட்டுமாணா என்று கேட்டுக்கொண்டே போய்த் துடைக்க ஆரம்பித்தான்.

தணிகாசலம் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். புங்கமரத்தடியில் யாரும் இல்லை. சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது, அவனுக்குத்தான் பார்க்க ஒன்றும் இல்லை.