பெட்ரோல் வாசம்

என் தம்பி பால்ச்சாமியின் சட்டையில் பெட்ரோல் வாசம் அடிக்கிறது என்று அவன் பெண்டாட்டி சண்முகவடிவு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எல்லாம் பெருமைதான். உலகச் சண்டைக் காலம் முழுக்க, பெட்ரோல் கிடைக்காமல், அவன் ஓட்டியது கரி பஸ். பின்னால் அடுப்பு மாதிரி ஒரு பீப்பாய் இருக்கும். அதில் கரியைப் போட்டு ஊதி ஊதித்தான் வண்டி அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போய்ச் சேரும். வீட்டுக்கு வரும்போது அவனுக்கு மூக்குத் துவாரம்கூடக் கறுத்திருக்கும். அந்தச் சட்டைகளை அடித்துத் துவைத்தே அவள் கை தேய்ந்தது. சண்டை முடிந்து பெட்ரோல் திரும்பி வந்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

பஸ் முதலாளிக்கும் சந்தோஷம். பீப்பாயைக் கழற்றி எறிந்தார். ஆனால் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த பெட்ரோல் டேங்கின் மூடி, சும்மா கிடந்த வருஷங்களில் எங்கேயோ தொலைந்துவிட்டது. கந்தைத் துணியைத் திணித்து ஓட்டச் சொன்னார். மூடி வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டுத் தம்பிக்குச் சலித்துப்போனது. பஸ் என்ன குப்புறவா படுக்கப் போகிறது என்று சிரித்தாராம் அந்த மனுஷர். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஐப்பசியில் ஒரு நாள் திருச்சுழிக் கோயிலுக்கு நானும் சண்முகவடிவும் அவன் பஸ்ஸிலேயே கிளம்பினோம். வழியில் இருளப்பசாமி கோயில் வரும். அங்கே நின்று, சாமிக்கும் வண்டிக்கும் சூடம் காட்டிவிட்டுத்தான் பஸ் நகரும். கரி பஸ் காலத்தில் பின்னால் கங்கு கனன்றுகொண்டிருக்க முன்னால் சூடம் எரியும். அந்தக் கங்கிலேயே பீடி பற்றவைத்துக்கொண்டவர்களும் உண்டு. பஸ்ஸுக்கும் நெருப்புக்கும் ஆகாது என்று எங்கள் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? அன்றைக்கும் சூடமும் தீப்பெட்டியும் அவள் முந்தியில் முடிந்திருந்தன.

இருளப்பசாமி கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், கண்மாய்க் கரையில், மழையில் ஊறிய கரிசல் சக்கரத்தை உள்ளே வாங்கிக்கொண்டது. மாடு படுப்பதுபோல பஸ் மெதுவாக வலது பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. யாருக்கும் பெரிய அடி இல்லை. மேலே இருந்த ஜன்னல்கள் வழியாக ஏறி ஏறிக் குதித்தோம். பால்ச்சாமியின் கால் மட்டும் பெடலுக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஒரு கடப்பாரை இருந்தால் நெம்பி எடுத்துவிடலாம் என்று அவனே சொன்னான். உடைந்த முன் கண்ணாடி வழியாகப் பெண்டாட்டியைப் பார்த்துக் கேலி வேறு.

"அழுகாத. வண்டிதான படுத்துருக்கு, நான் உக்காந்துதான இருக்கேன்."

பக்கத்துப் புஞ்சையில் வேலை செய்தவர்களிடம் கடப்பாரை வாங்கிவர நான் ஓடினேன். திரும்பி வரும்போது வரப்பிலிருந்தே பார்த்தேன். கண்ணாடிக்கு எதிரே அவள் மண்டியிட்டிருந்தாள். புருஷனை உயிரோடு கொடுத்த இருளப்பசாமிக்குச் சூடம் காட்டக் கோயில் வரைக்கும் காத்திருக்க அவளால் முடியவில்லை. டேங்கில் திணித்த துணி நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. வண்டி சாய்ந்தால் எஞ்சினில் கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலும் வழிந்துவிடும் என்று பிற்பாடு ஒரு மெக்கானிக் சொன்னான். அந்த இடமெல்லாம் அந்த வாசம்தான் இருந்திருக்கும். அவளுக்கு அது பயப்படுகிற வாசமா? புருஷன் சட்டை வாசம்.

வேணாம், வேணாம் என்று தம்பி உள்ளேயிருந்து கத்தியது எனக்கே கேட்டது. அதற்குள் அவள் குச்சியை உரசிவிட்டாள். தீ அவள் கைகளைப் பொசுக்கிவிட்டு வண்டிக்குள் ஓடியது. நாங்கள் நெம்பி எடுப்பதற்குள் அவன் உடம்பெல்லாம் வெந்துவிட்டது.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் அவனை வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். போலீஸ்காரர் வந்து கேட்டார். எஞ்சினிலிருந்து பொறி பறந்தது என்றான். கேட்ட ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னான். எஞ்சின் நின்று வெகு நேரமாகியிருந்தது என்று பஸ்ஸில் வந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஜனத்தை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், அந்த ஒன்றுக்காகக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கடைசியில் என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"அக்கா, எஞ்சினுதான். அவ எப்பக் கேட்டாலும் எஞ்சினுன்னுதான் சொல்லணும்."

பொழுது சாயும்போது போய்விட்டான்.

சண்முகவடிவு பிறந்த வீட்டுக்குப் போகவில்லை, என்னோடுதான் இருக்கிறாள். கை ஆறிவிட்டது. மாவு அரைப்பாள், தண்ணீர் சுமப்பாள். எப்போதாவது நான் தலை வாரிவிடும்போது, முகத்தைத் திருப்பாமலே கேட்பாள்.

"எஞ்சினுதான மதினி?"

"எஞ்சினுதான் தாயி."

சரி என்பாள். அவளுக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். பிறகு எழுந்து போய், பானையில் தண்ணீர் ஊற்றி வைத்து, அடுப்பில் விறகை அடுக்குவாள். நான் வந்து தீக்குச்சியைக் கிழித்து முடிக்கும்வரை வாசலில் போய் நின்றுகொள்வாள்.